'எதுனாலும் சரி' என்றால் சரி என்று அர்த்தமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 'மும்பையின் டாப் டென் ரெஸ்டாரண்டுகள்' பதிவு இல்லை. மாட்டிக்கொண்ட ஓட்டலின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஏனென்றால் நடந்ததில் ஓட்டல்காரன் தப்பு கால்வாசி, என் தப்பு முக்கால்வாசி. அந்த முக்கால்வாசியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பது என் கட்சி. முழுசாகப் படித்துவிட்டு சண்டைக்கு வாங்க.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1975 ஆவணியில். 2025 செப்டம்பரில் ஐம்பது வருஷம். ரெண்டு பேரும் தூத்துக்குடியிலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புனேயிலிருந்து தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் பையன். நாங்கள் நாலு பேர். ஆக மொத்தம் ஒன்பது தலை. கல்யாண நாள் வியாழக்கிழமை வந்தது. பேங்க்கில் அன்றைக்கு லீவு கேட்டால் மேனேஜர் முகம் போகிற போக்கு தெரியுமாதலால் (மேனேஜர் நான்தான், அது வேறு கதை :-)) சனிக்கிழமை ராத்திரி டின்னர் என்று முடிவு செய்தோம்.

எந்த ஓட்டல் என்று வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரம் அடிதடி. என் பொண்ணு நாலு லிங்க் போட்டாள். மாப்பிள்ளை ரெண்டு போட்டார். தங்கமணி எல்லாவற்றிலும் போட்டோ பார்த்தாள். நான் பேங்க்காரன் புத்தியில் ஸ்டார் எத்தனை, ரிவ்யூ எத்தனை என்று பார்த்தேன். இத்தனைக்கும் அந்தக் குரூப்பில் அப்பாவும் அம்மாவும் இல்லை. 'சர்ப்ரைஸ்' கொடுக்கிறோமாம்!

நடுவில் ஒருநாள் மனசு கேட்காமல் அம்மாவிடம் கேட்டேன்.

"எம்மா, சனிக்கிழமை வெளிய சாப்பிடப் போவோம். எங்க போலாம்?"

"எங்களுக்கு என்னய்யா, எதுனாலும் சரி. பிள்ளைகளுக்குப் பிடிச்ச இடமாப் பாரு."

அவ்வளவுதான். கடமை முடிந்தது. கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு.

இப்போது சனிக்கிழமை ராத்திரிக்கு வருவோம். டேபிள் கிடைத்தது எட்டரை மணிக்கு. அதுவும் ரெண்டு மணி நேரம்தான், பத்தரைக்கு அடுத்த பார்ட்டி வருவார்கள் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு சர்க்கரை. எட்டு மணிக்கு மாத்திரை போட்டு எட்டேகாலுக்குள் ஏதாவது வயிற்றில் விழ வேண்டும். முதல் தட்டு வந்தது ஒன்பதேகாலுக்கு. அதுவரை என் தங்கச்சி கைப்பையில் இருந்த பிஸ்கட்தான். கொடுத்திருந்த நாற்காலி, பார் கவுண்டர்களில் போடுவார்களே, அந்த உசரமான ரகம். அம்மா கால் தரையில் படவில்லை. அம்பது வருஷம் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்ட மனுஷி ரெண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கணுக்கால் வீங்கியிருந்தது.

பாட்டுச் சத்தம். பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்கக் காதருகே குனிய வேண்டும். அப்பா காது மிஷின் போட்டிருப்பவர். அந்த மிஷினுக்குப் பாட்டு வேறு, பேச்சு வேறு என்று பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே தள்ளும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய ஐம்பதாவது கல்யாண நாள்!

மெனு கார்டு கிடையாது. மேஜையில் ஒட்டியிருக்கும் கட்டத்தை போனில் படம் பிடித்துப் படிக்க வேண்டும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெந்நி கிடைக்குமாய்யா?" பையன் "ரெகுலரா மினரலா" என்று இந்தியில் கேட்டான். அவன் மேல் குற்றமில்லை, பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். வெந்நீர் வரும்போது சாப்பாடே முடிந்துவிட்டது.

கடைசியில் நாலைந்து பேர் கைதட்டிக்கொண்டே கேக்கில் ஒரு மத்தாப்பைச் செருகிக் கொண்டுவந்து பாடினார்கள். அப்பா எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அந்த போட்டோதான் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் போனது. லைக் மழை.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பதினொன்றரை இருக்கும், தண்ணி குடிக்க எழுந்தால் அடுப்படியில் லைட் எரிகிறது. அம்மா மத்தியானச் சோற்றில் மோர் விட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறாள். அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபடி. என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குத் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி முகம். "ஒண்ணுமில்லய்யா, நெஞ்சு கரிச்சிச்சு, அதான் ரெண்டு வாய் மோருஞ்சோறு."

பில் எவ்வளவு என்று அப்பா காரிலேயே கேட்டிருந்தார். மூவாயிரம் என்று பொய் சொல்லியிருந்தேன். அதற்கே "ஏல, கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றார். நிஜ பில் பதினாறாயிரத்து நூத்தி எழுபது.

இதுதான் சம்பவம். இனி சண்டை.

'எதுனாலும் சரி' என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு சம்மதம் என்று அர்த்தமே கிடையாது. என் கவுண்டருக்கு தினமும் பத்துப் பேர் வருகிறார்கள், "எங்க கையெழுத்து போடணும் சார்" என்று கேட்டு, காட்டின இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். படித்துப் புரிந்து போட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ண முடியுமா? அதே கையெழுத்துதான் இதுவும். நமக்குச் செலவு வைக்கக் கூடாது, பேரப் பிள்ளைகள் மூஞ்சி சுருங்கக் கூடாது, நம்ம ஊர் மாதிரி இல்லையே என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்று மூன்று கணக்கைப் போட்டுவிட்டு மேலே பூசுகிற பூச்சு அது. இது நமக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் 'அவங்களே சொல்லிட்டாங்க' என்று வசதியாக எடுத்துக்கொள்கிறோம். நானும்தான்.

அப்புறம், நல்ல நாள் என்றாலே ராத்திரி டின்னர்தான் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கல்யாணச் சாப்பாடு மத்தியானம். அறுபதாம் கல்யாணம் மத்தியானம். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை எல்லாம் மத்தியானம். இலை போட்டு, நிதானமாகச் சாப்பிட்டு, திண்ணையில் சாய்ந்து வெத்தலை போடுகிற சமாச்சாரம். எழுபது வயசுக்கு மேல் ராத்திரி ஒன்பது மணிக்கு மசாலா இறங்குமா? இந்த ஊரிலேயே பேர் போன பழைய இடங்களைப் பாருங்கள். பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-இல் ஆரம்பித்த பிரிட்டானியா, பெர்ரி புலாவுக்குப் பேர் போன பார்ஸி ஓட்டல், மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு போடுகிறது. நூறு வருஷமாகியும் யாரும் மதிப்புக் குறைவு என்று சொல்லவில்லை.

ராத்திரிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், கடை திறக்கிற ஏழு மணிக்கே போய் உட்காருங்கள். ஏழு மணிக்கு மும்பையில் ஒரு பயல் சாப்பிட வரமாட்டான். பாட்டு சத்தமிருக்காது, சமையல்காரர் கையில் வேலையிருக்காது, கேட்டது கால் மணியில் வரும். எட்டரைக்குத்தான் 'கெத்து' என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து மாட்டுங்கா விவகாரம். நான் வாட்ஸப்பில் ஒரே ஒரு தடவை மாட்டுங்கா என்று எழுதினேன். மாப்பிள்ளை உடனே, "அத்தான், அம்பதாவது வெட்டிங் டேக்கு இட்லி தோசையா?" என்று சிரிக்கிற பொம்மை போட்டார். இந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு நிஜமான கோபம். 1940-இல் ஆரம்பித்த கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குஜராத்திக்காரனும் மராத்திக்காரனும் பேர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறான். நாம் அது வழியாகப் போய் வேறு எங்கேயோ பாஸ்தா சாப்பிட்டால்தான் விசேஷம்! மாதத்தில் நாலு ஞாயிறு 'நம்ம ஊரு டேஸ்ட், நம்ம ஊரு காபி' என்று கண்ணில் தண்ணி விடுவோம். ஆனால் மரியாதை காட்ட வேண்டிய நாள் வந்தால் நம்ம சாப்பாடு மரியாதைக்குப் போதாது. விலை கம்மி என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். விலையைத்தான் நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாட்டுங்காவுக்கு வக்காலத்து வாங்குவதால் அங்கே எல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. கஃபே மெட்ராஸில் முன்பின் தெரியாதவரோடு மேஜையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து பழங்கதை பேசுகிற இடம் அல்ல அது. சாப்பிட்டோமா, எழுந்தோமா என்று இருக்க வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் 1942 முதல் இருக்கும் ராம நாயக்கின் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு அருமை. அப்பா அம்மா இருவருக்கும் அது பிடிக்கும். ஆனால் மாடி ஏற வேண்டும், அம்மா முட்டியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, யாருக்காகப் போகிறோமோ அவர் முட்டி, அவர் காது, அவர் மாத்திரை, இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்டாரும் ரிவ்யூவும். நான் செய்ததோ தலைகீழ்.

மொட்டைமாடி ரெஸ்டாரண்ட் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டி, லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்தில் மாடி மேல் இருந்த உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் செத்தார்கள். பிறந்த நாள் கொண்டாட வந்தவர்களும் அதில் உண்டு. வெளியே போக வழி தெரியாமல் பலர் கழிப்பறைக்குள் ஒதுங்கி, புகையிலேயே மூச்சடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகும் 'வியூ' எப்படி என்று கேட்கிற நாம், இறங்க ரெண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்பதில்லை. வயசானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்டால் 'ஓவரா பண்றீங்க' என்பார்கள். என்னையும் சொன்னார்கள்.

இப்போது பில். இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் வெட்கம், ஏனென்றால் இது என் தொழில். (பேங்க்காரன் சார்ஜ் பத்திப் பேசலாமா என்று நக்கல் அடிக்க நினைப்பவர்கள் வரிசையில் வரவும்.) சாப்பாடு 14,000. சர்வீஸ் சார்ஜ் பத்து சதவிகிதம் 1,400. ரெண்டும் சேர்ந்த 15,400-க்கு 5 சதவிகித ஜிஎஸ்டி 770. மொத்தம் 16,170. சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 14,700 தான். அதாவது, அந்தச் சார்ஜுக்கும் நாம் வரி கட்டுகிறோம். வித்தியாசம் 1,470 ரூபாய். இதே சாப்பாட்டை, அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் நட்சத்திர ஓட்டலுக்குள் சாப்பிட்டால் ஜிஎஸ்டி 18 சதவிகிதம். புக் பண்ணும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சர்வீஸ் சார்ஜ் வரி கிடையாது, அரசாங்கத்துக்குப் போகிற பணமும் கிடையாது. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று விதிமுறை போட்டது. ஓட்டல்காரர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய் அதே மாதம் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அவர்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தது வேறு விஷயம். எடுத்துவிடுங்கள் என்று நாம் சொல்லலாம், மறுத்தால் 1915-க்கு போன் போட்டுப் புகார் பண்ணலாம். பாட்டில் தண்ணீர் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டலில் வாங்கலாம் என்று உச்சநீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் உட்கார்ந்ததுமே 'ஃபில்டர் தண்ணி' என்று சொல்லிவிடுவது உத்தமம்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். என் பிராஞ்ச் பசங்களுக்குக் கிளாஸ் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தேனா? இல்லை. எதிரில் மாப்பிள்ளை. பக்கத்தில் அப்பா. சுற்றிலும் கைதட்டின பசங்கள். 1,470 ரூபாய்க்கு அலைகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கார்டை நீட்டிவிட்டேன். நம்முடைய இந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்த வரி பில்லில் இருக்கிறது. வெளியூரில் இருக்கிற நமக்கு இது ரெண்டு மடங்கு. 'மதராஸி கணக்குப் பாக்கறான்' என்று பேர் வரக்கூடாதே! இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தபோது வாங்கிய அடி அது, இன்னும் ஆறவில்லை.

"ஒரு நாள்தானே, அவங்களும் புதுசா எதையாவது பாக்கட்டுமே, வயசானா மோருஞ்சோறுதானா?" என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்வி. புதுசு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

மறுநாள் ஞாயிறு காலையில் அப்பாவை உட்காரவைத்து திரும்பக் கேட்டேன். எங்க போலாம் என்று பொதுவாகக் கேட்காமல், "மத்தியானம் போவோமா? மீனா, இலைச் சாப்பாடா?" என்று கேட்டேன். பட்டென்று பதில் வந்தது. "புரட்டாசி பொறக்க இன்னும் மூணு நாள்தான் இருக்கு. மீனுன்னா நல்லது."

தாதர் பக்கம் ஒரு மால்வனி சாப்பாட்டுக் கடை. பதினொன்றே முக்காலுக்கே போய்விட்டோம், பன்னிரண்டரைக்கு மேல் போனால் வாசலில் நிற்க வேண்டும். முதுகு சாய்கிற சாதா நாற்காலி. பாட்டு இல்லை. மகாராஷ்டிராவில் மீன்பிடித் தடை ஜூன், ஜூலை ரெண்டு மாதம். செப்டம்பரில் நல்ல பச்சை மீன் வந்துகொண்டிருக்கும். (நம்ம பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஊரிலிருந்து ஆட்களை அழைக்கும்போது இதையும் பார்த்து அழையுங்கள்.) தட்டைப் பார்த்ததும் அப்பா தொழிலை ஆரம்பித்துவிட்டார். "சுர்மைங்கானே, இது நம்ம சீலால்லா! பாப்லெட்டு வாவல். இந்த பாங்டா கானாங்கெளுத்தி." பொம்பிலை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இங்கே ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரிப்பார்கள். "இது வங்கராவாசி. நம்ம ஊர்ல இப்படி யாரும் செய்யக் காணமே?" என்று ரெண்டாவது தட்டு கேட்டார். அம்மாவுக்கு சோல்கடி. தேங்காய்ப் பாலில் கோகம் புளி சேர்த்த அந்த ரோஸ் கலர் பானம் அவளுக்குப் புதுசு. மூணு டம்ளர் குடித்துவிட்டு, எப்படிச் செய்வது என்று கல்லாவில் இருந்த அம்மாளிடம் கையாலேயே பேசித் தெரிந்துகொண்டு, தாதர் மார்க்கெட்டில் கால் கிலோ கோகமும் வாங்கிவிட்டாள்.

காது மிஷின் முழு நேரமும் காதிலேயே இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் மழை பெய்து பெட்ரோமாக்ஸ் எல்லாம் அணைந்துபோன கதையை அப்பா அன்றைக்குத்தான் சொன்னார். நாற்பத்தேழு வயசில் முதல் தடவையாக அதைக் கேட்கிறேன். மாப்பிள்ளை பொம்பிலில் கவனமாக இருந்தார், சிரிக்கிற பொம்மை எதுவும் போடவில்லை.

அடுத்தது தங்கமணியோட அம்மாவுக்கு எழுபது. குரூப்பில் ஏற்கெனவே மூணு லிங்க் வந்தாயிற்று, அதில் ஒன்று மொட்டைமாடி. நான் பேசாமல் திருநெல்வேலிக்கு போனைப் போட்டேன்.

"அத்தை, பிறந்தநாளுக்கு எங்க சாப்பிடப் போலாம்?"

"எனக்கென்ன மருமவனே, எதுனாலும் சரி."

"அது சரி அத்தை. மத்தியானமா, ராத்திரியா? படி ஏறுவீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பக்கத்துல உம்ம பொண்டாட்டி இருக்காளா?" என்று கேட்டுவிட்டு, பத்து நிமிஷம் பேசினார்கள். பேப்பரில் குறித்து வைத்திருக்கிறேன்.